டியூலிப் கிழங்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும்

ஒரு பை கிழங்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். மரவள்ளிக் கிழங்கோ உருளைக்கிழங்கோ இல்லை, டியூலிப் கிழங்கு. சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். உடனே யாரோ தெரியாமல் அதைக் குழம்பில் போட்ட கதை என்று நினைக்க வேண்டாம். அப்படி நடந்திருந்தால் வயிற்றுவலியோடு முடிந்திருக்கும்.

அப்பா இல்லை. சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள வாடகை யூனிட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அண்ணன் இன்ஜினியர். கல்யாணம் கட்டி, குவேக்கர்ஸ் ஹில்லில் அண்ணியோடு இருந்தான். நான் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன். அம்மா ஆட்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, "மூத்தவர் இன்ஜினியர், இவர் பகிடி" என்பார். பகிடி, அதாவது வேடிக்கைப் பேச்சு, ஏதோ ஒரு வேலை மாதிரி.

அந்த வருஷம் குளிர் முடிகிற நேரத்தில் அண்ணி எங்கள் வீட்டுக்கு நான்கு தொட்டி டியூலிப் வாங்கி வந்தார். சிவப்பும் மஞ்சளும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கோயில் கோபுரக் கலசத்தைக் கவிட்டு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். மூன்று கிழமை பூத்தது. பிறகு இதழ் விழுந்து, பச்சை இலை மட்டும் நின்றது. தொட்டியோடு வந்த அட்டையில், இது ஒரு தடவைதான் பூக்கும், சிட்னிச் சூட்டில் மறுபடி பூக்காது என்று எழுதியிருந்தது. நான் அட்டையை உரக்க வாசித்தேன்.

"வாசிச்சிட்டன். இனிக் குப்பைத் தொட்டிக்குள்ள எறியட்டோ?"

"ஐயோ தம்பி, எறியாதையுங்கோ," என்றார் அண்ணி. அப்போதுதான் அவர்கள் மெல்பேர்னுக்குப் போகப் போகிற செய்தி வந்தது. அண்ணனுக்கு அங்கே வேலை. நகரத்தில் இல்லை, நகரத்துக்கு வெளியே, மலைப்பக்கத்தில் வீடு. "அங்க குளிர் காலத்தில புல்லெல்லாம் வெள்ளையா உறையுமாம், மாமி. உந்தக் கிழங்குக்கு அந்தக் குளிர்தான் வேணும். வடிவாக் காய வைச்சு எடுத்துத் தந்தீங்களெண்டா, அங்க நட்டால் திரும்பப் பூக்கும்."

அம்மா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலிலிருந்து எங்கள் வீட்டில் கிழங்கின் ஆட்சி.

அக்டோபரில் அண்ணனும் அண்ணியும் போனார்கள். அம்மா வாடிய பூவின் கழுத்தை மட்டும் நறுக்கிவிட்டு இலையைத் தொடாமல் விட்டார். இலை பச்சையாக இருக்கும் மட்டும் கிழங்குக்குச் சாப்பாடு போகும் என்று அண்ணி சொல்லியிருந்தார். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து, தொட்டிகளை ஓரமாகக் கூரைக்குக் கீழே இழுத்தார். இழுத்தது யார்? நான். ஒவ்வொரு நாளும் இலையைப் படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பியது யார்? அதுவும் நான். என் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு அம்மா என்னை இரண்டே இரண்டு படம்தான் எடுத்தார். அதிலும் ஒன்றில் என் தலை இல்லை.

நவம்பர் கடைசியில் இலை வைக்கோல் மாதிரி ஆனதும் தொட்டிகளைக் கவிழ்த்தோம். மண்ணை உதறி, அழுகியதை எறிந்து, மிச்சத்தை நிழலில் பேப்பர் விரித்துக் காய வைத்தோம். கழுவக் கூடாது, வெயில் படக் கூடாது. எல்லாம் போகப் பதினேழு கிழங்கு தேறியது. அதை ஒரு வெங்காய வலைப்பைக்குள் போட்டார் அம்மா. இருட்டாக, குளிர்ச்சியாக ஓர் இடம் வேண்டும். நான் கராஜைக் காட்டினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கராஜே வெட்கப்பட்டிருக்கும்.

எங்கள் யூனிட்டில் சாமியறை கிடையாது. நடைபாதையில் படுக்கை விரிப்பு அடுக்குவதற்கென்று கட்டிய ஓர் அலுமாரிதான் சாமி அலுமாரி. நடுத்தட்டில் முருகன், பிள்ளையார், அப்பாவின் படம். உள்ளே தீ விளக்கு வைத்தால் ஸ்மோக் அலாரம் கத்தும் என்று பேட்டரி விளக்கு. கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. அம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டை விட்டுப் பயணம் போகிற எதுவும் முதலில் அந்த அலுமாரிக்குள் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். அண்ணனின் பல்கலைக்கழகக் கடிதம், விசா, கல்யாணக் குறிப்பு, மெல்பேர்ன் வேலைக் கடிதம் எல்லாம் முருகனின் காலடியில் கிடந்து பாஸான கடதாசிகள். நானும் ஒரு தடவை என் ஃபோர்க்லிஃப்ட் லைசன்ஸைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு நாள் இருந்தது. அடுத்த நாள், "எடு தம்பி, பூத்தட்டு வைக்க இடம் காணேல்லை" என்றார் அம்மா.

அந்த அலுமாரியில்தான் வலைப்பையை வைத்தார். பூத்தட்டைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டு.

சும்மா பொறாமையோடு அது நின்றிருக்கும். ஆனால் அந்த வாரம் அண்ணன் ஃபோன் எடுத்தான். அம்மாவுக்கு எப்போதும் ஸ்பீக்கர்தான், அதனால் நான் குசினியில் புட்டைக் குழைத்துக்கொண்டே எல்லாம் கேட்டேன்.

"அம்மா, எங்களோட வந்து இருங்கோவன். அறை ஒண்டு சும்மா கிடக்கு."

"அந்தக் குளிர் எனக்கு ஒத்து வருமோ தெரியேல்லையே அப்பு."

"ஹீட்டர் இருக்கம்மா."

ஊரில் பெரிய முடிவென்றால் அம்மா கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பவர். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், கண்ணை மூடி எடுத்ததுதான் முடிவு. "இந்த முறை கட்டத் தேவையில்லை," என்றார். "உந்தக் கிழங்கு இஞ்சத்தையச் சூட்டில இருந்து வாறது. என்னை மாதிரித்தான். அது அங்க போய்ப் பூத்தால், அந்த மண் என்னையும் ஏற்கும் எண்டு நினைச்சு வாறன். பூ சொல்லட்டும்."

கையில் இருந்த புட்டைத் திரும்பத் தட்டில் போட்டேன். அப்போ நான்? "தம்பி என்ன செய்வான்?" என்று அண்ணன் கேட்டான். "அவன் வளந்தவன் தானே," என்றார் அம்மா. எனக்குத் தெரியாமலே நான் வளர்ந்திருந்தேன்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். மொத்தச் சந்தையில் வாழைப்பழம் பழுக்க வைக்கிற இடத்தில் நான் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். குயின்ஸ்லாந்திலிருந்து காய் பச்சையாக வரும். பூட்டிய அறைக்குள் அடுக்கி, காஸ் விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் நிறம் மாறும். அதே காஸ் பழுத்த பழத்திலிருந்து தானாகவும் வரும். எனக்கு இன்ஜினியரிங் தெரியாது, இது தெரியும். சந்தையில் பூக்கடைப் பக்கம் என் வயசுக்காரன் ஒருத்தன் இருக்கிறான், மதுரைப் பையன். நான் ஃபோர்க்லிஃப்டை அந்தப் பக்கம் திருப்பினாலே கத்துவான்.

"டேய் வாழப்பழம்! பெட்டிய இங்கிட்டுக் கொண்டு வராத! பூவெல்லாம் ஒரே நாள்ல கொட்டிரும்!"

"ஒரு பழம் சாப்பிடு மச்சான், கோவம் குறையும்."

"தூரப் போடா!"

சந்தையில் விற்க முடியாத, புள்ளி விழுந்த பழத்தை நாங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். நான் கொண்டுவருகிற சீப்பைத்தான் அம்மா சாமிக்குப் படைப்பார். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்வந்தால் அர்ச்சனைப் பழமும் ஆப்பிளும் சேரும். எல்லாம் அந்த அலுமாரிக்குள்தான்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல சூடு. அம்மா குளிக்கப் போயிருந்தார். நான் புதுச் சீப்பை வைக்க அலுமாரியைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. வேலையில் நான்காம் அறைக் கதவைத் திறந்தால் வருகிற அதே வாசனை. ஒரு பக்கம் பழுத்த பழம், இன்னொரு பக்கம் வலைப்பை, இரண்டுக்கும் நடுவில் முருகன். கதவை இறுக்கிச் சாத்தினால் அது ஒரு பழுக்க வைக்கிற அறை. எனக்கு ஒரு செக்கனில் விளங்கிவிட்டது.

நான் கதவைச் சாத்தினேன். இறுக்கி.

அடுத்த நாள் மதுரைக்காரனிடம் கேட்டேன். "டியூலிப் கிழங்குக்குப் பக்கத்தில ஒருத்தன் வாழைப்பழத்தை வைச்சா என்ன நடக்கும்?"

"எவன்டா அந்த முட்டாள்?"

"தெரிஞ்ச ஒராள்."

"கிழங்கு சாகாது. உள்ள மொட்டுன்னு ஒண்ணு உருவாகும் பாரு, அது கருகிரும். நட்டா இலை வரும், பூ வராது. அடுத்த வருஷம் வேணா பாக்கலாம்."

"ஏன் வரேல்லை எண்டு கண்டுபிடிப்பினமோ?"

"யாரு கண்டுபிடிக்கப் போறா? குளிர் பத்தலன்னு நெனச்சுக்குவாங்க." பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "ஆமா, இத நீ ஏன் கேக்குற?"

"பொது அறிவு," என்றேன்.

அன்றிலிருந்து நான் புள்ளிப் பழம் கொண்டுவருவதை நிறுத்தினேன். முழுசாகப் பழுத்த, மணக்கிற, முதல்தரச் சீப்பாகப் பார்த்து என் சொந்தக் காசில் வாங்கி வந்தேன். வெள்ளி மட்டுமில்லை, செவ்வாயும். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து யூனிட் அன்ரியிடம், "இவன் திருந்திட்டான். சாமிக்கெண்டு எப்பிடிப் பாத்துப் பாத்துக் கொண்டு வாறான் தெரியுமே" என்று என் காதுபடச் சொன்னார். என் வாழ்க்கையில் அம்மா என்னைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்படி ஒரு காரியத்துக்கு.

ஒரு நாள் மனம் சுட்டது. பொய் சொல்லவில்லை. தைப்பொங்கல் முடிந்த கிழமை. அண்ணி வீடியோவில் வந்து, முன் ஜன்னலுக்குக் கீழே தானே கொத்திய பாத்தியைக் காட்டினார். கையில் கொப்புளம். "அயலில ஆரையும் தெரியாது மாமி. இதுதான் என்ர பொழுதுபோக்கு," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அதில் சிரிப்பு குறைவாக இருந்தது. அன்று பின்னேரம் வலைப்பையை எடுத்து என் கட்டிலுக்குக் கீழே, காற்றுப் படுகிற மாதிரி வைத்தேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தால் வீடு தலைகீழ். அம்மா அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டிருந்தார். ஃபோனில் அண்ணி.

"தம்பி பகிடிக்கு ஒளிச்சு வைச்சிருப்பார் மாமி. அவற்ர கட்டிலுக்குக் கீழ பாருங்கோ."

அம்மா பார்த்தார். பையோடு எழும்பினார். "உனக்கு எதில விளையாடுறது எண்டு ஒரு அளவில்லையே? அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது உனக்கு?"

"அம்மா, நான் நல்லதுக்குத்தான்..."

"வாயை மூடு."

நல்ல பிள்ளையாக இருக்க முயற்சி செய்த ஒரே நாளில் கள்ளனாகப் பிடிபட்டேன். கள்ளனாக இருந்த நாளெல்லாம் பக்தன். சரி, அப்படியே இருக்கட்டும். பை திரும்ப முருகனிடம் போனது. அடுத்த செவ்வாய் இரண்டு சீப்பு வாங்கினேன்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு அண்ணனும் அண்ணியும் காரில் வந்தார்கள். திரும்பிப் போகிற அன்று அம்மா அலுமாரியைத் திறந்து, கற்பூரத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் பையை ஏந்திக் கொடுத்தார். அண்ணி முகர்ந்து பார்த்தார்.

"மாமி, முழுக்க வாழைப்பழ வாசம்!"

"ஐந்து மாசம் சாமிக்குப் பக்கத்தில இருந்தது பிள்ளை. பிரசாதம் மாதிரி."

அண்ணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, பூத்தால் முதல் பூ உங்களுக்குத்தான்."

அதுதான் சொல்ல வேண்டிய நேரம். வாய் வரை வந்தது. ஆனால் என் வாய்க்குப் பழக்கம் வேறு. "பூ வேண்டாம் அண்ணி. கத்தரிக்காயோட போட்டு ஒரு பால்கறி வையுங்கோ," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பகிடி விடுகிறவனுக்கு ஒரு வசதி. முக்கியமான ஒன்றை விழுங்கினாலும், அவன் ஏதோ சொல்லிவிட்டான் என்றே ஆட்கள் நினைப்பார்கள்.

மே மாதம் நட்டார்கள். ஜூலையில் முளை. அண்ணியின் படங்கள் ஒவ்வொரு நாளும் வந்தன. இந்தத் தடவை படம் எடுக்கிற வேலையாவது எனக்கு மிச்சம். ஆகஸ்டில் நல்ல அகலமான, மினுமினுக்கிற இலை. பதினேழும் முளைத்தது. அம்மா சாரிகளைப் பிரித்து, எது குளிருக்கு ஆகும் என்று பார்க்கத் தொடங்கினார். நான் மதுரைக்காரனின் பேச்சை மனதில் ஜெபம் மாதிரிச் சொல்லிக்கொண்டேன். இலை வரும், பூ வராது.

செப்டம்பரில் அயல் வீட்டுப் பாத்திகளில் எல்லாம் டியூலிப் பூத்தது. அண்ணியின் பாத்தியில் இலை மட்டும். இலையை விலக்கிப் பார்த்தால், நடுவில் காய்ந்த நூல் மாதிரி ஒன்று. பதினேழிலும் அப்படியே. அண்ணி வீடியோவில் வந்து, இலையைக் காட்டிக்கொண்டே இருந்தார். பிறகு படம் ஆடியது. ஃபோனைப் புல்லில் வைத்துவிட்டு அவர் அழுதது கேட்டது. வானம் மட்டும்தான் தெரிந்தது.

"நான் ஒழுங்காப் பாக்கேல்லைப் போல மாமி. நீங்கள் சாமிக்குப் பக்கத்தில வைச்சுத் தந்ததை..."

நான் வென்றுவிட்டேன். குசினியில் போய் ஒரு பிளேன்ரீ போட்டேன். வென்றவன் குடிக்கிற தேநீர் எப்படி இருக்கும் என்று தெரிய ஆசை. சீனி போட மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தால் அம்மா சூட்கேஸை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மா?"

"மெல்பேர்னுக்கு."

"பூக்கேல்லையே! பூத்தால்தான் போறது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? பூ சொல்லட்டும் எண்டு?"

"ஓம். பூத்திருந்தால் ஆறுதலா, தை மாசத்தில போயிருப்பன். அந்தப் பிள்ளை தனிய நிண்டு அழுது. பூ வேற என்னத்தைச் சொல்லும்? போ எண்டுதான் சொல்லுது. அந்தக் கம்பளிச் சட்டையை எடு."

நான் எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை விடிய நானே ஓட்டிக்கொண்டு போனேன். பத்து மணித்தியாலம். அம்மா மடியில் முருகன் படத்தை வைத்திருந்தார். பிள்ளையாரை எனக்கு விட்டுவிட்டார். "உன்னைப் பாக்க ஒராள் வேணுமே," என்றார். வழியில் பெட்ரோல் அடித்த இடத்தில் எனக்கு ஒரு பேஸ்ட்ரி வாங்கித் தந்து, பாதியைத் தானே பிய்த்து ஊட்டினார், நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன் என்பதற்காக. கார் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது. நான் ஸ்டியரிங்கை விடவில்லை.

மலையில் குளிர் பல்லைக் கிடுகிடுக்க வைத்தது. அம்மா உள்ளே போய் ஹீட்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நான் பாத்திக்குப் போனேன். பதினேழு இலைக்கூட்டம், ஒரு பூ இல்லை. கையெல்லாம் மண்ணாக அண்ணி பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணி, இது உங்கட பிழையில்லை. வாழைப்பழம்."

"என்ன வாழைப்பழம்?"

காஸ், அலுமாரி, கதவு, செவ்வாயும் வெள்ளியும், எல்லாம் சொன்னேன். ஒரு பகிடியும் சேர்க்காமல் நான் அவ்வளவு நேரம் கதைத்தது அதுதான் முதல் தடவை. அண்ணி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே அம்மாவின் தலை தெரிந்தது.

"மாமிக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை. இப்ப போய்ச் சொல்லப் போறன்."

"சொல்லாதையுங்கோ." குரல் கூர்மையாக வந்தது. "என்ர பிழையில்லையெண்டு தெரிஞ்சால் மாமிக்கு மனம் ஆறிடும். நாளைக்கே உங்களோட திரும்ப வெளிக்கிட்டிடுவா."

"அப்ப?"

"அப்ப ஒண்டுமில்லை. உங்களுக்கு என்னில எரிச்சல் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. ஃபோன் எடுத்தால் மாமி முதல் அரை மணித்தியாலம் என்ன கதைக்கிறவ தெரியுமோ? அவன் சாப்பிடேல்லை, அவன் தலைமயிர் வெட்டேல்லை, அவன் இண்டைக்கு இப்பிடிச் சொன்னான். பிறகுதான் கிழங்கு. இருபத்துநாலு வருஷம் வைச்சிருந்தனீங்கள் தானே? கொஞ்ச நாள் எனக்குத் தாங்கோ."

அண்ணி கையிலிருந்த மண்ணை என் ஜாக்கெட்டில் துடைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் தனியாகத் திரும்பினேன். அம்மா எடுத்துப் போனது போக அலுமாரியில் பிள்ளையாரும் அப்பாவும் பேட்டரி விளக்கும். இடம் தாராளம். என் ஃபோர்க்லிஃப்ட் லைசன்ஸை உள்ளே வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் இருந்தது. பிறகு வேலையில் கேட்டார்கள் என்று நானே எடுத்துவிட்டேன்.

கிழங்கை அங்கே யாரும் தோண்டவில்லை. குளிர் நாட்டு மண், அப்படியே கிடக்கலாமாம். மதுரைக்காரன் சொன்ன "அடுத்த வருஷம்" இந்தச் செப்டம்பரில் வந்தது. அம்மா படம் அனுப்பியிருந்தார். பதினொரு பூ. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில், அண்ணியின் நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கலியாண வீட்டில் நிற்கிறவர் மாதிரி அம்மா. அண்ணி எடுத்த படம். தலை முழுசாக இருந்தது. கீழே குரல்பதிவு: "பாத்தியே, சாமிக்குப் பக்கத்தில இருந்த கிழங்கு. நீ கொண்டுவந்து படைச்ச பழத்தின்ர பலன்."

அதை நான்கு தடவை கேட்டேன். பிறகு அண்ணிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "வாற கிழமை லீவு. முதல் பூ எனக்கெண்டு சொன்னனீங்கள். நான் வரட்டோ? ஒரு சீப்புக் கொண்டு வாறன்."

உடனே பதில் வந்தது. "வாங்கோ. பழத்தைக் காருக்குள்ளேயே விட்டிட்டு வாங்கோ."